பாணை விடுவதற்கு முன்னம் இரத்தத்தைக் கொடுங்கள்: குளுட்டன் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் ஒரு கலியாண வீட்டில்தான் எனக்கு இது தொடங்கியது. சாப்பிட்டு எழும்பினால் வயிறு பறை மாதிரி ஊதுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரும்புக் குளிசை மாதக்கணக்கில் போட்டும் ஹீமோகுளோபின் 9ஐத் தாண்டவில்லை என்று பக்கத்தில் இருந்த மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். “மகள், கோதும மாவை விட்டுப் பாரு, என்ர பேத்திக்கு அதுதான் சரிவந்தது” என்றா. விட்டுப் பார்த்தேன். நாலு மாதம். பாண் இல்லை, ரொட்டி இல்லை, கொத்து வாசம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடை. வயிறு கொஞ்சம் அடங்கியது. அப்புறம்தான் ‘இது உண்மையில் என்ன வருத்தம் என்று ரெஸ்ட் செய்து பார்ப்போமே’ என்று புத்தி வந்தது.

ரிப்போர்ட் வந்தது, ஒன்றுமில்லை என்று. அதைப் பார்த்த டொக்டர் என்னையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நாலு மாசமா பாண் தின்னாம வந்து இரத்தம் குடுத்தா இதில என்ன தெரியும்?”

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதென்றால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். குளுட்டன் பரிசோதனைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் வழமைபோலச் சாப்பிட வேண்டும், பிறகு இரத்தம், பிறகு தேவைப்பட்டால் கமரா (வாயால் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் என்டொஸ்கொப்பி), எல்லாம் முடிந்த பிறகுதான் பாணை விடுவது. நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முதலில், எதைத் தேடுகிறோம் என்று

குளுட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். மாவைப் பிசையும்போது இழுபடுகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது அதுதான். அரிசியில் இல்லை. குரக்கனில், சோளத்தில், மரவள்ளியில், பயறு உளுந்தில் இல்லை.

“எனக்குக் குளுட்டன் ஒத்துக்கொள்ளாது” என்று சொல்லும்போது அதற்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்று சீலியாக் நோய். குளுட்டன் உள்ளே போனால் உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற விரல் மாதிரியான சடைமுளைகள் தேய்ந்துபோகும். என்ன சாப்பிட்டாலும் இரும்பு ஒட்டாமல் போவது அதனால்தான். உலக அளவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள், பலருக்கு இருப்பதே தெரியாது. இரண்டாவது கோதுமை ஒவ்வாமை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு என்று வரும். இது ஆபத்தான சாமான், இதற்குத் தோல் பரிசோதனையும் ஐஜிஈ இரத்தப் பரிசோதனையும் தனியாக உண்டு. மூன்றாவதுதான் எல்லாரும் பேசுகிற ‘குளுட்டன் சென்சிட்டிவிட்டி’. இதை நேரடியாகக் காட்டுகிற பரிசோதனை எதுவும் கிடையாது. முதல் இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகு, சாப்பாட்டை மாற்றிப் பார்த்துத்தான் அதற்கு வர முடியும். ஆகவே ‘குளுட்டன் சென்சிட்டிவிட்டி ரெஸ்ட் எழுதித் தாங்க’ என்று போய் நிற்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது சீலியாக் பரிசோதனை.

யார் போக வேண்டும்? நாள்பட்ட வயிற்றோட்டம், ஊதல், காரணம் தெரியாத மெலிவு இவைதான் எல்லாரும் நினைப்பது. ஆனால் வயிற்றில் ஒரு முனகலும் இல்லாமல், இரத்தச்சோகை மட்டும் விடாப்பிடியாக நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அடிக்கடி வாய்ப்புண், வளராத பிள்ளை, திரும்பத் திரும்பக் கரு கலைவது, வயசுக்கு மிஞ்சிய எலும்புத் தேய்வு, முழங்கையிலும் முழங்காலிலும் கொத்தாக வந்து அரிக்கிற கொப்புளம், எல்லாம் கணக்கில் வரும். சிறுவயதிலேயே இன்சுலின் போடுகிற முதலாம் வகை நீரிழிவுக்காரர், தைரோயிட்டை எதிர்ப்புச் சக்தி தாக்கும் நோய் உள்ளவர், வீட்டில் ஒருவருக்குச் சீலியாக் என்று தெரிந்த சகோதரர், பிள்ளை, தாய் தகப்பன், இவர்கள் நோய்க்குறி இல்லாவிட்டாலும் பார்ப்பது நல்லது.

ஒன்று சொல்ல வேண்டும். நம்ம பக்கத்தில் வயிறு ஊதுகிறது என்றால் அதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. பால் ஒத்துக்கொள்ளாமை, பூச்சி, ஜியாடியா கிருமி, வெறும் ‘இரிட்டபிள்’ குடல். இரத்தச்சோகைக்கு மாதவிடாய் இரத்தப்போக்கும் தலசீமியா மரபணுவைக் காவுகிற நிலையும் கூடக் காரணமாகலாம். ஆகவே டொக்டர் உடனே சீலியாக் பக்கம் போகாமல் முதலில் மலப் பரிசோதனையும் முழு இரத்தக் கணக்கும் எழுதினால் கோபப்படாதீர்கள், அது சரியான வழிதான். மலத்தில் இரத்தம் போனால், வேகமாக மெலிந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாண் தின்பதும் ஒரு வேலை

இரத்தப் பரிசோதனை தேடுவது குளுட்டனை இல்லை. குளுட்டன் உள்ளே வருவதால் சீலியாக் உள்ள உடம்பு செய்கிற பிறபொருளெதிரியை (அன்டிபொடியை). குளுட்டன் வராவிட்டால் உடம்பு அதைச் செய்வதை நிறுத்திவிடும், குடலும் மெல்ல மெல்ல ஆறத் தொடங்கிவிடும். கள்ளன் ஊரை விட்டுப் போன பிறகு நாய் குரைக்கவில்லையே என்று கேட்பது மாதிரி.

நம்ம ஆக்களுக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதை எழுத மாட்டார்கள். பாணை நிறுத்தாதவர்கள் கூட இங்கே குளுட்டன் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள். மத்தியானம் சோறு, இரவு அரிசிமா இடியப்பம், காலையில் சிவப்பரிசிப் பிட்டு என்று ஓடும் வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் பாண் இருந்தால் அதிசயம். அப்படிப்பட்டவர் “நான் எல்லாம் சாப்பிடுறேன்தானே” என்று போய் இரத்தம் கொடுத்தால் முடிவு நம்பும்படி இருக்காது. ஆகவே கணக்கு வைத்துச் சாப்பிட வேண்டும். பிரித்தானிய வழிகாட்டுதல் சொல்வது, பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 கிழமைக்கு, நாளுக்கு ஒரு வேளைக்கு மேல் குளுட்டன் உள்ள சாப்பாடு. ஏற்கெனவே நிறுத்திவிட்டு என்னை மாதிரித் திரும்பத் தொடங்குகிறவர்களுக்கு நாளுக்கு 3 கிராம் குளுட்டன் குறைந்தது 2 கிழமைக்கு, தாங்க முடிந்தால் 8 கிழமை வரைக்கும் என்பது இன்னொரு கணக்கு.

3 கிராம் என்றால் எவ்வளவு? நம்ம ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். அதில் கால் இறாத்தல் சாப்பிட்டாலே போதும், மிச்சமும் வரும். காலையில் பாணும் பருப்பும், இரவுக்கு ஒரு கோதுமை ரொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவை, சேமியா, கோதுமை நூடில்ஸ், பணிஸ் எல்லாம் சேரும். அரிசி மாவில் செய்தது எதுவும் சேராது. கடைப் பிட்டு, கடை இடியப்பம் என்றால் மாவைக் கேளுங்கள், கோதுமை மா கலந்திருந்தால் சேரும், ஆனால் எவ்வளவு என்று தெரியாததால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த எட்டுக் கிழமை எனக்கு நரகம். இரண்டாம் கிழமையே வயிறு பழையபடி ஊதி, வேலை செய்யும் இடத்தில் “எத்தனை மாசம்?” என்று ஒருத்தி கேட்டே விட்டா. தாங்க முடியாமல் போனால் நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், பரிசோதனைத் திகதியை முன்னுக்குக் கொண்டுவந்து இரத்தம் எடுக்கலாம். கோதுமை சாப்பிட்டு மூச்சு முட்டிய, முகம் வீங்கிய அனுபவம் ஒருமுறையாவது இருந்தால் இந்த ‘திரும்பத் தின்னும்’ வேலையை வீட்டில் செய்யவே கூடாது.

எங்கே போவது

பெரிய நிபுணரைத் தேடி நேரே கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டியதில்லை. பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ, வழக்கமாகக் காட்டும் குடும்ப டொக்டரிடமோ தொடங்குங்கள். அங்கிருந்து மருத்துவக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். மட்டக்களப்பு ஆக்களுக்குப் போதனா வைத்தியசாலை, படுவான்கரை, எருவில் பக்கம் என்றால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை, கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும், தெற்கே அக்கரைப்பற்று, உள்ளே அம்பாறைப் பொது வைத்தியசாலை. அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை, பொறுமைதான் செலவு. அவசரம் என்றால் பொது வைத்திய நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணிக் காட்டலாம். பிள்ளை என்றால் குழந்தை வைத்திய நிபுணர்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பழைய இரத்த ரிப்போர்ட் எல்லாம், போடுகிற குளிசைகளின் பெயர், இரண்டு கிழமைச் சாப்பாட்டுக் குறிப்பு. குறிப்புக்கு ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பி போதும். என்ன தின்றேன், எத்தனை மணிக்கு, வயிறு எப்போது என்ன செய்தது. இதைக் கொண்டுபோனவரை டொக்டர் வேறுமாதிரித்தான் பார்ப்பார். அப்புறம் வாயைத் திறந்து சொல்லுங்கள்: “டொக்டர், இரும்புக் குளிசைக்கு ஏறவே இல்லை, வயிறும் இப்படி, சீலியாக் பாக்கத் தேவையா?” இந்தப் பக்கத்தில் அடிக்கடி யோசிக்கிற நோய் இல்லை அது. சோறு தின்னும் ஊரில் இதெல்லாம் வராது என்று ஒருவர் எனக்கே சொன்னார். அரிசி விளைகிற ஊர்தான், ஆனால் இலங்கையில் இறக்குமதிக் கோதுமை அரைபடுகிறது, திருகோணமலையில் 1980 முதல் பிறிமா மா ஆலை ஓடுகிறது, நெல்லு மூட்டை அடுக்கிய வீட்டிலேயே விடிய ஐந்தரைக்குப் பாண் வண்டியின் பாட்டுக்குக் கதவு திறக்கிறோம். ஆகவே மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

எழுத வேண்டிய ரெஸ்ட் இரண்டு. ஒன்று ரீரீஜி ஐஜிஏ (tTG-IgA), மேலே சொன்ன பிறபொருளெதிரியைப் பார்ப்பது இதுதான். இன்னொன்று மொத்த ஐஜிஏ. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு ஐஜிஏ என்ற வகைப் புரதமே உடம்பில் ஊறுவதில்லை, சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அப்படி. அவர்களுக்கு முதல் ரெஸ்ட் எப்போதும் ‘இல்லை’ என்றுதான் காட்டும். மொத்த ஐஜிஏ குறைவு என்று வந்தால் ஐஜிஜி வகைப் பரிசோதனைக்குப் போவார்கள்.

இவை எல்லா ஆய்வுகூடத்திலும் அங்கேயே செய்கிற ரெஸ்ட் இல்லை. தனியார் இடத்தில் கொடுப்பதென்றால் இரத்தத்தை இங்கே எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி முடிவு வரக் கொஞ்ச நாள் பிடிக்கலாம். முதல் நாளே போன் எடுத்து மூன்றைக் கேளுங்கள்: செய்கிறீர்களா, என்ன விலை, எத்தனை நாளில் வரும். நான் கேட்காமல் திருக்கோவில் பக்கம் இருந்து வெள்ளனப் பஸ் பிடித்து வந்த ஒரு அக்காவுடன் சேர்ந்து வாசலில் நின்று திரும்பியிருக்கிறேன்.

இரத்தம் கொடுக்கிற நாள்

வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. சீனி, கொழுப்பு எல்லாம் சேர்த்துப் பார்ப்பதென்றால் மட்டும் அதற்காகப் பட்டினி. ஸ்டீரொயிட் அல்லது எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து எடுக்கிறவர்கள் சொல்லிவிட வேண்டும், முடிவு மாறலாம். இரத்தம் கொடுத்துவிட்டு வந்து பாணை நிறுத்தலாமா என்றால், கூடாது. கமரா இன்னும் மிச்சம்.

ரிப்போர்ட்டில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஆய்வுகூடத்தின் எல்லை அச்சிட்டிருக்கும். அதோடு மட்டும் ஒப்பிடுங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் அளவுமுறை வேறு என்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு சரிபார்த்துப் பயன் இல்லை. எல்லைக்கு மேலே என்றால் சந்தேகம் பலம், ஆனால் வளர்ந்தவர்களுக்கு அநேகமாகக் குடல் மாதிரி எடுத்துத்தான் உறுதி சொல்வார்கள். பிள்ளைகளுக்கு, எல்லையைப் போல பத்து மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்து, இன்னொரு தடவை எடுத்த இரத்தத்தில் ஈஎம்ஏ என்ற பரிசோதனையும் ‘ஆம்’ என்றால் கமரா இல்லாமலே முடிவு சொல்லலாம் என்று ஐரோப்பிய குழந்தை மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அதைக் குழந்தை வைத்திய நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கமரா

‘குழாய் விடப் போறாங்க’ என்று கேட்டதும் எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. செய்து முடித்தபோது இதற்கா பயந்தேன் என்றிருந்தது. என்டொஸ்கொப்பிக்கு முன்னர் சுமார் 6 மணித்தியாலம் சாப்பாடு இல்லை, தண்ணீர் எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தொண்டைக்கு மரக்கச் செய்யும் ஸ்பிரே அடிப்பார்கள், அல்லது ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் வைப்பார்கள். வாயில் ஒரு வளையம், சுண்டுவிரல் அளவுக் குழாய், ஓங்காளம் வரும், கண்ணால் தண்ணீர் ஓடும், பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். குடலில் நொய் அரிசி அளவில் பிய்த்து எடுப்பது தெரியாது.

முக்கியமான இடம் இதுதான். கட்டிலில் படுப்பதற்கு முன்னமே, இது சீலியாக் சந்தேகத்துக்கு என்று செய்கிறவரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். குடல் கண்ணுக்கு நல்லாகவே தெரிந்தாலும் மாதிரி எடுக்க வேண்டும், ஒன்று போதாது, சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டும் அதற்குக் கீழே குறைந்தது நாலும். நோய் குடலைத் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும், ஒரு துண்டு நல்ல இடத்தில் இருந்து வந்தால் ஏமாந்துபோவோம். இரத்தத்தை இளக்கும் குளிசை எடுத்தால் நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டுச் செய்தால் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. தொண்டை மரப்பு விடும் வரைக்கும் தேத்தண்ணீர் கூட வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

பயொப்ஸி முடிவு வரக் கிழமைக்கணக்கில் ஆகலாம். அதில் ‘மார்ஷ்’ என்று ஒரு தரம் போட்டிருப்பார்கள். 3 என்றால் சடைமுளை தேய்ந்திருக்கிறது. எனக்கு 3பி. ஆனால் ஜியாடியாவும் வெப்பவலயக் குடல் நோயும் அதே மாதிரித் தேய்க்கக் கூடியவை. அதனால்தான் இரத்த முடிவையும் குடல் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற டொக்டர் தேவை, ஒரு தாளை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவர் போதாது.

பாணைத் திரும்பத் தின்னவே முடியாதவர்களுக்கு எச்எல்ஏ என்ற மரபணுப் பரிசோதனை ஒன்று உண்டு. டிகியூ2, டிகியூ8 இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக் அநேகமாக இல்லவே இல்லை. இருக்கிறது என்று வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நல்ல சுகத்தோடு திரிகிற எத்தனையோ பேருக்கு அது உண்டு.

நூறு சாப்பாட்டுக்கு ஐஜிஜி பார்க்கிறோம், தலைமயிரில் பார்க்கிறோம் என்று விளம்பரம் வரும். காசைக் கொடுக்காதீர்கள். ஐஜிஜி ஏறியிருந்தால் அந்தச் சாப்பாட்டை நீங்கள் தின்றிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒருவர் அதை நம்பி மீனையும் தேங்காயையும் விட்டார். மட்டக்களப்பில் இருந்துகொண்டு மீனையும் தேங்காயையும் விட்டு எதைத் தின்பது?

எல்லாம் ‘இல்லை’ என்று வந்தால்

ஒழுங்காகப் பாண் தின்று கொடுத்த பிறகும் இல்லை என்றால், சந்தோஷப்படுங்கள், அப்புறம்தான் சாப்பாட்டை விட்டுப் பார்க்கும் சோதனை. ஆறு கிழமை விட்டுப் பார்த்து, கொப்பியில் எழுதி, திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரும்பச் சேர்க்காமல் விட்டால் அது சோதனையே இல்லை. பல பேருக்குக் குற்றவாளி குளுட்டனாக இருப்பதில்லை, கோதுமையில் இருக்கும் ஃபிரக்டன் என்ற மாச்சத்து. நோர்வேயில் குளுட்டன் ஒத்துக்கொள்ளாது என்று தாங்களே நம்பிய 59 பேருக்கு எது எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றைக் குழப்பியது ஃபிரக்டன்தான். அது வெங்காயத்திலும் உள்ளியிலும் தாராளமாக உண்டு. அப்படியானவர் பாணை விட்டுவிட்டு வெங்காயம் அள்ளிப் போட்ட சொதியோடு இடியப்பம் தின்றால் எப்படிக் குணமாகும்?

‘ஆம்’ என்று வந்தால்

அப்போது பாணை விடுங்கள், ஆயுள் முழுக்க. கொழும்பில் ஐரோப்பியச் சாமான் தேடுவதைவிட நமக்கு இது லேசு, சோறு இருக்கிறது, பிட்டு இருக்கிறது. மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு: கோதுமை மா கலந்த கட்டிப் பெருங்காயம், சோயா சோஸ், பார்லி மோல்ட் சேர்ந்த மைலோ, நெஸ்டமோல்ட், ஹோர்லிக்ஸ், ரொட்டி சுட்ட அதே கல்லில் சுட்ட தோசை. இடியப்ப மாவை நானே அரைப்பித்து எடுக்கிறேன், மில்லில் முதல் ஆளாகப் போவதில்லை, எனக்கு முன்னால் அரிசி அரைத்தவர் இருக்கிறாரா என்று பார்த்துத்தான் கொடுப்பேன். மில்காரருக்கு நான் ஒரு பைத்தியம்.

ரீரீஜியை ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் திரும்பப் பார்ப்பார்கள், இறங்க வேண்டும். எனக்கு இறங்கியிருக்கிறது, ஹீமோகுளோபின் 11.8. கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் எழுதித் தந்தார்கள். மகனுக்குப் பார்த்தாயிற்று, இல்லை. தங்கச்சிதான் மாட்டேன் என்கிறாள். “எனக்கு ஒண்டும் இல்ல அக்கா, பாண் திண்டா நல்லாத்தான் இருக்கு” என்கிறாள். நல்லது, தின்னு என்றேன். ஆறு கிழமையாக எண்ணிக்கொண்டிருக்கிறேன், வருகிற செவ்வாய் கிளினிக் நாள்.